மூன்றிலும் ஏழிலும் ஒரே நம்பர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒயர் இழுக்கிற வேலை கைக்கு வந்துவிட்டது. பேய் பயம் மட்டும் போகவில்லை. மலைமேல் செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்கு இருந்தேன். அதை நடத்திய அண்ணன் இறந்தபின் அவர் மனைவி பார்த்துக்கொண்டார். அவரை அக்கா என்பேன்.

அண்ணனின் மெஷினை யாரும் தொடக்கூடாது என்று அக்கா அதை உள்ளறையில் அப்படியே வைத்துவிட்டார். புதிது வாங்கினோம். ஆனால் நெட் கொடுப்பவர் பழைய மெஷினின் நம்பருக்குத்தான் லைன் விட்டிருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் கம்பெனியிலேயே ஒரு நம்பர் எழுதிவிடுவார்கள். அதை மாற்றிப் பதிய மலையிறங்க வேண்டும் என்று சோம்பி, அண்ணனின் நம்பரையே புதிதின் செட்டிங்கிலும் போட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைக் காலைகளில் லைன் அறுந்து அறுந்து வந்தது. குண்டனி நாட்டு மலைக்கிராமங்களிலிருந்து சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் காத்திருந்து திரும்பினார்கள். இன்னும் ஒரு வெள்ளி இப்படிப் போனால் கடையை மூடிவிடுவதாக அக்கா சொன்னார்.

அடுத்த வெள்ளி. வாசல்கூடத் தெரியாத மூடுபனி. ஒயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியின் பட்டியலைத் திரையில் திறந்தேன். எந்த நம்பர் எந்தப் போர்ட்டிலிருந்து, அதாவது எந்த ஒயர் துளையிலிருந்து பேசுகிறது என்று அது கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்த நம்பருக்கு வருவதை அங்கே அனுப்பும். அண்ணனின் நம்பர் மூன்றில், புது மெஷினின் ஒயரில், இருந்தது. பார்க்கும்போதே ஏழுக்குப் போனது. மறுபடி மூன்று. மறுபடி ஏழு.

ஏழாவது ஒயர் உள்ளறைக்குப் போகிறது.

செத்தவர் நம்பரை எடுத்தது தப்போ என்று தோன்றியது. கதவைத் தள்ளினேன். சாம்பிராணிப் புகைக்குள் திரை வெளிச்சமாக இருந்தது. அதன் மேல் குங்குமப் பொட்டு. முன்னால் அக்கா. வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் அவர் மெஷினையும் கொஞ்ச நேரம் போட்டுவிடுவாராம்.

ஒரே நம்பர் இரண்டு இடத்திலிருந்து பேசினால் பெட்டி குழம்பும், அதனால்தான் லைன் அறுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அவரு நம்பர் ஒண்ணுமே பேசாம இருந்தா பெட்டி என்ன பண்ணும்?"

"அஞ்சு நிமிசத்துல மறந்துருமுங்கக்கா."

"அஞ்சே நிமிசமா." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறக்க வேண்டாஞ் சாமி. நம்பர் புதுசுலயே இருக்கட்டும். இந்த ஒயர மட்டும் உருவிரு."

உருவினேன். பட்டியலில் நம்பர் மூன்றிலேயே நின்றது. அக்கா வெளியே வந்து, காத்திருந்தவரின் விண்ணப்பத்தைப் புது மெஷினில் தானே அனுப்பினார். ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது யார் என்று கேட்டால் அந்தப் பெட்டி அண்ணனைத்தான் சொல்லும்.