தள்ளிநில்லுவும் நீலப் பொறியும்

மோட்டார் பட்டறையில் அவளுக்குப் பெயர் 'தள்ளிநில்லு'. எரிந்துபோய் வந்து, புதுக் கம்பி சுற்றி முடித்த மோட்டாரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சுவிட்சில் கை வைக்கும் முன் "தள்ளி நில்லு!" என்று அவள் போடும் கூச்சலில் தெருநாய்கூட இரண்டடி பின்வாங்கும். சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டவள் இந்த வேலைக்கு வந்ததே வேடிக்கைதான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளை, இதே பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அக்காதான் இழுத்து வந்தாள். அன்றிலிருந்து அக்கா சுற்றுவாள், தங்கை சோதிப்பாள். தங்கை 'ஃபெயில்' என்று சொன்ன நாளில் வீட்டில் இருவருக்கும் பேச்சு கிடையாது.

அன்றைக்குச் சோதனை மேடையில் இருந்தது ஊர்த் தண்ணீர் நிலையத்தின் மோட்டார். அது எரிந்துபோனதிலிருந்து எல்லாத் தெருக் குழாய்களும் வறண்டு கிடந்தன. பம்ப் ஆபரேட்டர் லாரியோடு வந்து வாசலில் நின்றார். தள்ளிநில்லு வோல்ட்டை மெல்ல ஏற்றினாள். பாதிகூடத் தாண்டவில்லை, 'டப்' என்று சோதனைப் பெட்டி தானாக அணைந்தது; மின்சாரம் எங்காவது கசிந்தால் அது அப்படித்தான் அணையும்.

"ஃபெயில்" என்றாள்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. "காலையிலேருந்து இது மூணாவதுடி! நான் என்ன கம்பி சுத்துறேனா, கயிறு திரிக்கிறேனா?"

தள்ளிநில்லு பெட்டியின் மேல் குனிந்தாள். வோல்ட் காட்டும் முள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய இரண்டும் இங்கேயேதான் விழுந்தன. மூன்றும் வேறு வேறு மோட்டார். விழுவது மட்டும் எப்படி ஒரே இடத்தில்?

"அக்கா, இரு. உன் மேல தப்பில்லன்னு தோணுது. என் பெட்டி மேலதான் சந்தேகம்!"

மின்சாரத்தை அணைத்து, எர்த் கம்பியால் தொட்டு மிச்ச மின்சாரத்தையும் தரைக்கு இறக்கினாள். பெட்டியிலிருந்து வரும் ஒயரின் கிளிப்பை மோட்டாரிலிருந்து கழற்றித் தனியாகத் தொங்கவிட்டாள். "தள்ளி நில்லு!" மோட்டாரே இல்லாமல் வோல்ட் ஏறியது. அதே இடத்தில் 'டப்'!

"பாத்தியா! பாத்தியா!" என்று துள்ளினாள். மறுபடி எல்லாம் இறக்கி, இந்த முறை பெட்டியிலிருந்து ஒயரையே பிடுங்கிவிட்டு ஏற்றினாள். முள் வழுக்கிக்கொண்டு மேலே போனது. பெட்டி அணையவே இல்லை.

"ஒயர்தான்! ஆனா எங்கன்னு தெரியல. மொதலாளி, ஷட்டர இறக்குங்க!"

"பட்டப்பகல்லயா?" என்றார் முதலாளி. ஆனாலும் இறக்கினார். பட்டறை இருட்டானது. அக்கா, முதலாளி, லாரியை விட்டு ஓடி வந்த ஆபரேட்டர் எல்லாரும் மேடையைச் சுற்றிய தடுப்புக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒயரை மீண்டும் மாட்டி ஏற்றினாள். முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். பிறகு, ஒயரைத் தாங்கியிருந்த இரும்புக் கொக்கியின் மேல், கடுகளவு நீலப் பொறி ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது.

"அங்க! அங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். 'டப்.'

கொக்கியில் உரசி உரசி ஒயர் உறையின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலாளி நிம்மதியாக, "டேப் போட்டுச் சுத்திடு, முடிஞ்சுது" என்றார்.

"இது வீட்டு ஒயர் இல்ல மொதலாளி, டேப்புக்கெல்லாம் மசியாது." வெடித்த இடத்துக்கு முன்னாலேயே நறுக்கி, நல்ல பக்கத்தில் கிளிப்பைப் பொருத்தினாள். இரும்புக் கொக்கி போய், பீங்கான் தாங்கி வந்தது. ஒயர் குட்டையாகிவிட்டதால் அது மோட்டாருக்கு எட்டவில்லை. சங்கிலிக் கிரேனைப் பிடித்து ஆளுக்கு ஆள் "இழு, இழு" என்று மோட்டாரையே ஒயரிடம் கொண்டுவந்தார்கள்.

"தள்ளி நில்லு!"

முள் பழைய இடத்தைத் தொட்டது. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். முள் தாண்டியது. முழு வோல்ட்டுக்குப் போய், சோதனை நேரம் முடியும்வரை அசையாமல் நின்றது.

"பாஸ்!"

ஆபரேட்டர் கைதட்டியபடியே லாரியைப் பின்னால் எடுக்க ஓடினார். காலையில் விழுந்த மற்ற இரண்டையும் அதே வேகத்தில் சோதித்தாள். ஒன்று பாஸ். இன்னொன்று சரிசெய்த ஒயரிலும் விழுந்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? அது என்னோடதுதான்" என்று அக்கா சிரித்துவிட்டாள். "பிரிச்சிட்டு மறுபடி சுத்துறேன். ஏன்டி, வீட்டுக்குப் போறப்போ என்கிட்ட பேசுவல்ல?"

"பேசாம என்ன? என் பேச்சைக் கேக்கணும்னு உன் தலையெழுத்து!"

சாயங்காலம் இருவரும் தெருமுனையில் திரும்பும்போதே குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. குழாய் முதலில் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் கலங்கலாகப் பீறிட்டது. தங்கை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கூச்சல் போட்டபடி ஓடினாள். "கத்தாதடி, எல்லாரும் பாக்குறாங்க!" என்று கத்திக்கொண்டே அக்காவும் பின்னால் ஓடினாள்.