கறுப்பு சேவல்தான் என்று முடிவு செய்தோம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் சிதம்பரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணமான மறுவருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நடமாடத் தெம்பில்லை. கடை விடுமுறையன்று கடலூர் போய்வந்த கணவர், என் அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு கோழிக்குஞ்சுகள், ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"நாளு பூரா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்க வேணாமாம். முட்டையும் ஆச்சு, தொணையும் ஆச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

முன்கட்டில் வீட்டுக்கார அக்கா இருந்தார். அவர் கணவர் பினாங்கில் கடை வைத்திருந்ததால் கைக்குழந்தையோடு தனியாக இருந்தார். அந்தக் குழந்தை ராத்திரியெல்லாம் அழும், விடியப்போகும் நேரத்தில்தான் கண் மூடும். குஞ்சுகளைப் பார்த்ததும் அக்கா சொன்னார்:

"பொட்டையா இருந்தா பத்துகூட வச்சிக்க. சேவல் மட்டும் வேணாம் தங்கச்சி. எம்புள்ள தூங்குறதே அந்த நேரந்தான். அப்ப இது கூவுச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

"ரெண்டும் பொட்டைதான்க்கா" என்றேன். அப்போது எனக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குஞ்சுகள் வளர வளரக் கறுப்பின் போக்கு சரியில்லை. அதற்குக் கொண்டை சீக்கிரமே சிவந்துவிட்டது, கால்கள் நெடுநெடுவென்று நீண்டன. நொய்யரிசி போட்டால் பழுப்பைக் கொத்தி விரட்டிவிட்டுத்தான் தின்னும். பழுப்போ வாயில்லாப் பூச்சி, விறகடுக்கின் ஓரத்தில் ஒதுங்கியே நிற்கும். கணவரோடு கடையில் வேலை பார்த்தவர் ஒருவர், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் சேவல் தலையை நிமிர்த்தும், பெட்டை தொங்கவிடும் என்று சொல்லியிருந்தார். என் கணவர் அப்படியே செய்து பார்த்தார். கறுப்பு கழுத்தை வளைத்து அவர் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. பழுப்பு துணி மாதிரித் தொங்கியது.

"இது சேவல்தான், சந்தேகமே இல்ல" என்று கையை உதறிக்கொண்டார்.

எனக்கு அதைப் பிரிய மனமில்லை. நான் படுத்திருக்கும்போது பாயில் ஏறி என் வயிற்றோடு ஒண்டிக்கொள்வது கறுப்புதான். பகல் முழுக்க அந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் அதனிடம்தான். அக்காவிடம் மறைக்கவும் மனமில்லை, போய்ச் சொன்னேன். அடுத்த விடுமுறையன்று கணவர் அதைக் கடலூருக்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

அன்று இருட்டு பிரியும்முன் கறுப்பைக் கூடையில் வைத்துச் சாக்கால் மூடிக் கட்டினார். அவர் முகம் கழுவப் போனபோது, தகர டப்பாவை இழுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாதியில் அறுந்து, மறுபடி எழுந்தது. கூவல்தான். கறுப்பு கத்துகிறது என்று நினைத்துக் கூடையின் மேல் கை வைத்தேன். உள்ளே அசைவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் விறகடுக்கின் உச்சியில் பழுப்பு நிற்கிறது. கண்ணை மூடிக் கழுத்தை நீட்டி மூன்றாவது தடவையும் கூவியது.

தொழுதுவிட்டு முக்காட்டோடு அக்கா ஓடிவந்தார். "எது கூவுச்சு?"

பழுப்பைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"புள்ள எழுந்துடுச்சாக்கா?"

"இன்னும் இல்ல. மொதல்ல அதப் புடி."

கணவர் பழுப்பைப் பிடித்துத் தந்தார். அக்கா அதன் வால் பக்கத்து முதுகு இறகுகளை விரலால் விலக்கினார். "எங்க ஊட்ல இதத்தான் பாப்பாங்க. ஊசியாட்டம் இருக்கு பாரு, இது சேவல்." பிறகு சாக்கை அவிழ்த்துக் கறுப்பையும் பார்த்தார். அதன் இறகு நுனிகள் நகம் போல வட்டமாக இருந்தன.

"இது பொட்டையாட்டந்தான் தெரியுது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார்.

அதே கூடையில் பழுப்பு கடலூருக்குப் போயிற்று. அங்கே அம்மாவின் சேவலைச் சமீபத்தில்தான் நாய் கவ்விப்போயிருந்ததால் இதற்கு நல்ல வரவேற்பாம். "கொழம்புல போட மாட்டேன்னாங்க. அதுக்குள்ள நாலு பொட்டைங்கள வெரட்டிக்கிட்டுத் திரியுது, உன் வாயில்லாப் பூச்சி" என்று திரும்பி வந்த கணவர் சொன்னார்.

எனக்கு மட்டும் பயம் போகவில்லை. தினமும் விடியலுக்கு முன்பே விழித்துக்கொண்டு, கறுப்பு கூவிவிடுமோ என்று காது கொடுத்துப் படுத்திருந்தேன். அது கூவவில்லை. ஆனால் முட்டையும் இடவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு நடுப்பகலில் கறுப்பு வீட்டையே இரண்டாக்குகிற மாதிரிக் கேறியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். விறகுக்குப் பின்னால், உமிச் சாக்கின் மேல், சின்னதாக ஒரு முட்டை. ஓட்டில் கோடு மாதிரி ரத்தம் பட்டிருந்தது. சூடு ஆறுவதற்குள் முன்கட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"நீங்க நம்புனீங்களாக்கா?"

"நான் அன்னிக்கே நம்பிட்டேன். நீதான் தெனமும் பேயறஞ்ச மாதிரி எழுந்து வந்தே."

முட்டையை அரைவேக்காடாக வேகவைத்து, மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் நான் கண் விழித்தபோது முற்றத்தில் நல்ல வெயில். கணவர் தானே காபி போட்டுக் குடித்துவிட்டு, என்னை எழுப்பாமல் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.