புருவத்தைத் தூக்கிய ஓட்டுநர்

நாங்கள் வந்த சுற்றுலாக் கப்பல் துருக்கித் துறைமுகத்தில் நின்றதுமே, கரையோரக் கிராமங்களை நாமே சுற்றிப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. "லிமான்னா துறைமுகம். அந்த ஒரு சொல் போதும், வா," என்று அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு மீனவக் கிராமங்களைப் பார்த்துவிட்டு, திரும்புவதற்காக ஒரு வேனை நிறுத்தி, "லிமான்?" என்றேன். ஓட்டுநர் புருவத்தைத் தூக்கினார். மலேசியாவில், எங்கள் ஊர் செரண்டாவில் அதற்கு 'சரி, ஏறு' என்று அர்த்தம். ஏறிவிட்டோம்.

வேன் மலைமேல் போனது. கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"கடலு பின்னால போவுதுலா! அந்த ஆளு என்னடா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"சரின்னுதான் சொன்னாரு!"

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே புருவம். தக்காளிக் கூடையோடு பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டு, தானும் புருவத்தைத் தூக்கி, கூடவே 'இல்லை' என்று கையையும் ஆட்டிக் காட்டினார். அந்த ஊரில் புருவத்தைத் தூக்கினால் 'இல்லை' என்று அர்த்தம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண்ணே வேனை நிறுத்தச் சொல்லி எங்களோடு இறங்கினார். கீழே போகிற லோரியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். அதற்குள் அவர் வந்த வேன் போய்விட்டது. கூடையோடு சாலையோரத்தில் நின்று கையசைத்தார்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். ஓட்டுநர் முதலிலேயே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் அவசரம்.

அடுத்த பயணம் வியட்நாமுக்கு. கிளம்புமுன் அந்த நாட்டு மொழியில் 'இல்லை', 'நன்றி' இரண்டையும் படிக்கப் போகிறேன்.