மாடியைக் கழுவிய நாள்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கிவிட்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்த வருடங்கள் அவை. புகைக்கு யார் பொறுப்பு என்று கேட்கக்கூடப் பஸ் ஏறிப் பெரம்பலூர் போக வேண்டும். திங்கட்கிழமை மனுநாள் வரிசையில் மூன்று முறை நின்றேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி ஒன்று நின்றது. இரண்டாவது வரப்போவதாகப் பேச்சு. ஒன்றுக்கே என் மனைவிக்கு மூச்சிழுப்பு. இரண்டு என்றால்? அதைத்தான் மனுவாக எழுதினேன். ஊரே கையெழுத்துப் போட்டது.

ஒருவழியாகப் பதில் வந்தது. காற்றை அளக்க அலுவலர் வருவார், என் வீட்டு மொட்டை மாடியில் கருவி வைப்பார். தூசி அளவு மீறினால் இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கிடையாது.

எட்டிப் பார்க்காத கவர்மெண்ட் வருகிறது, ஊரார் விடுவார்களா? விடிந்ததும் தெருவைக் கூட்டி, காயக் காயக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த வீட்டு அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரிகளை மறித்து, "இன்னைக்கு ஒரு நாள் சுத்திப் போங்கய்யா, சார் வராரு" என்று திருப்பி அனுப்பினார். நான் மாடியைக் கழுவினேன். மாதக்கணக்கில் படிந்த சாம்பல்பொடி குழாய் வழியே கஞ்சிபோல் இறங்கியது. பெருமையாக இருந்தது எனக்கு.

மனைவி படியில் நின்று மூச்சு வாங்கினாள். "பொண்ணு பாக்கவா வராங்க? இந்தத் தேய் தேய்க்கிறீங்க."

"ஆபீசரை அழுக்குலயா உக்கார வைக்கறது?"

"அழுக்கப் பாக்கத்தானே வராரு!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி ஊற்றினேன்.

அலுவலர் கொண்டுவந்து வைத்த கருவிப் பெட்டி பகலெல்லாம் மாடியில் இரைந்தது. சாயங்காலம் அலுவலர் அதைத் திறந்து, காற்றை வடிகட்டிய வெள்ளைத்தாளை வெளியே எடுத்தார். லேசாகத்தான் மங்கியிருந்தது. ஈரத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"இங்க மழை பேஞ்சுதா?"

"இல்ல சார், ஒங்களுக்காகத் தெளிச்சோம்!" என்றார் அண்ணன்.

அலுவலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெளிச்சா தூசி எப்படிங்க எழும்பும்? தாள்ல இருக்கறதத்தான் நான் எழுதணும்."

"இன்னொரு நாள் வைங்க சார்" என்றேன்.

"இருக்கறது ஒரே பெட்டி. மறுபடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

நான் கிழக்கே கை காட்டினேன். "அதோ போகுதே சார், அதை எழுதுங்க."

"அதுல கண்ணுக்குத் தெரியாத ஒண்ணும் போகுது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே வெளிய வரும். உலகமே அதுல சூடாவுதுங்கறாங்க. அதுக்கு எங்ககிட்ட பெட்டியும் இல்ல, சட்டமும் இல்ல. மேல பேசிக்கிட்டு இருக்காங்க."

"மேலன்னா பெரம்பலூரா?" என்றார் அண்ணன்.

"டெல்லிக்கும் மேலங்க."

அலுவலர் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் சிப்பி கல்லாகக் கிடைக்கும். என்றோ இங்கே கிடந்த கடல்தான் இறுகிச் சுண்ணாம்புக்கல்லானது. அந்தக் கடலைத்தான் அங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள். அது விடும் மூச்சை எழுத எந்த ஆபீஸ் நோட்டிலும் இடமில்லை.

தூசி அளவுக்குள் இருப்பதாகக் கடிதம் வந்தது. அடுத்த சித்திரைக்குள் இரண்டாவது புகைபோக்கி நிமிர்ந்துவிட்டது. நான் அதற்குப் பிறகு மாடியைக் கழுவவே இல்லை. பெட்டி வந்தால் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தேன். பெட்டி வரவில்லை. வெயில்தான் வருடத்துக்கு வருடம் முந்திக்கொண்டு வந்தது. ஜன்னல்களைச் சாத்திய அறையில் மனைவி மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் மாடிக்கு ஏறுவேன். பொடியில் நேற்றைய என் காலடிகள் பாதி மூடிக் கிடக்கும்.