மாலை போட்ட குற்றம்

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காலைத் தேநீர் கொண்டுபோகும் நேரம், கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு மனிதர் தனி மேசையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர். பின்வரிசையில் மனைவி பிள்ளைகள், திருவிழாவுக்கு உடுத்து வெளிக்கிட்டவர்கள் போல. உயரமான மேசைகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் மாறிமாறி அவரை வறுத்தெடுப்பார்கள். மேரிலாந்துக்கு வந்த புதிதில் இதை ஏதோ கொலை வழக்கு என்றே நினைத்தேன். பிள்ளைகளை ஏன் கூட்டிவந்தார்கள், பாவங்கள் என்று இருந்தது. இந்த மனிதர் என்ன செய்துவிட்டார் என்று ரூத்திடம் கேட்டேன். ரூத் அந்த இல்லத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, ஜனாதிபதி இவரை ஒரு பதவிக்கு நியமித்திருக்கிறார், செனட் சபை சம்மதித்தால்தான் அந்தக் கதிரையில் இருக்கலாம் என்றார்.

ரூத் ஜனாதிபதிக்கு எதிர்க்கட்சி. பக்கத்துக் கதிரையில் இருக்கும் வால்டர் லொறி ஓட்டியவர், ஜனாதிபதியின் ஆள். இருவரும் மற்ற நாட்களில் ஒன்றாகச் சீட்டு விளையாடுவார்கள். விசாரணை நடக்கிற நாட்களில் மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கமாட்டார்கள். நான் நடுவில் நின்று இருவருக்கும் தேநீர் ஊற்றுவேன். யார் வென்றாலும் எனக்கு ஒன்றுதான். எனக்கு இங்கே வாக்கில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது புதினமாக இருக்கும். எங்களுக்கு அதிகாரி என்றால் ஒருநாள் வாகனத்தில் வந்து இறங்குகிறவர். யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. சந்தியில் நிறைகுடம் வைப்போம், குத்துவிளக்கு கொளுத்துவோம், சந்தனம் பூசி மாலை போடுவோம். நல்லவரா கெட்டவரா என்பது பிறகுதான் தெரியவரும். அதற்குள் மாலை வாடியும் விடும்.

என் அக்கா ஊரில், வடக்கே தர்மபுரத்தில் இருக்கிறா. எங்கள் அப்பா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழரை அடித்த கலவரத்துக்குத் தப்பி ஓடிவந்து, அங்கே பற்றை வெட்டிக் கிணறு கிண்டினவர். காணி உறுதி, பெர்மிட் ஒன்றும் கிடையாது. அந்தக் காணியில் அக்கா கச்சான் கடலை போட்டுத்தான் என்னைப் படிப்பித்தா. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பிப் போனபோது, வளவுக்கு நடுவில் ஒரு எல்லைக்கல் நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காடு என்றார்கள் வன இலாகாக்காரர். வீடு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். இன்றைக்கும் அக்கா அப்பா கிண்டின கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்குக் காட்டுக்குள் அத்துமீறிப் போகிறா. வழக்குப் போடுவோம் என்று இரண்டு தரம் வெருட்டிவிட்டார்கள்.

இப்படியான காணிகளை விசாரித்துத் தீர்ப்பதற்கு ஒரு ஆணைக்குழு என்றார்கள். அக்காவின் முறைப்பாடும் போய்ச் சேர்ந்தது. ஆனால் தலைவர் இல்லாமல் ஆணைக்குழு கூட முடியாதாம். எங்கள் நாட்டு ஜனாதிபதி ஒரு பெயர் சொல்லவேண்டும், கொழும்பில் ஒரு சபை அதை அங்கீகரிக்கவேண்டும், சபையில் ஆளும்கட்சியும் எதிர்க்கட்சியும் சரிக்குச் சரி. முதல் பெயரைச் சபை திருப்பி அனுப்பியது. இரண்டாவது பெயர், ஓய்வுபெற்ற ஒரு நீதவான். நல்ல மனிதர் என்று கேள்வி. சபை முடிவு சொல்லமுதலே, காணிகளை ஒருக்கால் கண்ணால் பார்ப்போம் என்று சத்தமில்லாமல் தர்மபுரத்துக்கு வந்துவிட்டார்.

அக்கா விடுவாவா? மாதர் சங்கத்தையே கூட்டிவிட்டா. நிறைகுடம், சந்தனம், செவ்வந்தியும் நித்தியகல்யாணியும் சேர்த்துக் கட்டின பருத்த மாலை. அக்கா மாலையைத் தூக்கிய நேரம், எங்கிருந்தோ வந்த ஒரு ஆளும்கட்சி அமைப்பாளர் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள். பின்னேரமே அது பேஸ்புக்கில் வந்தது. இவர் பதவி கிடைக்கமுதலே கட்சிக்காரரோடு மாலை வாங்குகிறார், இவர் எப்படி நடுநிலையான ஆள் என்று சபையில் எதிர்க்கட்சி கேட்டது. தமிழ்ப் பெண்கள் மாலை போட்டது குற்றமா என்று ஆளும்கட்சி கத்தியது. கிணற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பெயர் திரும்பி வந்தது.

"வீட்டுக்கு வந்த மனுசனை வெறுங்கழுத்தோட அனுப்பிறதே, தம்பி?" என்று அக்கா கேட்டா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது வந்திருக்கும்.

அந்தப் படத்தை நான் ரூத்துக்கும் வால்டருக்கும் காட்டினேன். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பதவி வெறுமையாகக் கிடக்கிறது என்றேன். நீ விண்ணப்பித்தாயா, உனக்கு நான் நற்சான்று தருகிறேன் என்றார் வால்டர். இல்லை, இது என் அக்கா, இவர்தான் வந்தவர் என்று விளங்கப்படுத்தினேன். அவர் இவளுக்கு என்ன தருவதாகச் சொன்னார் என்று கேட்டார் ரூத். ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளி, அதனால் மாலை என்றேன். அப்படியானால் இவள் என்ன எதிர்பார்த்தாள் என்றார் வால்டர். தண்ணீர் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. மாலை போட்டால் அது கொடுக்கல் வாங்கல்தான் என்று இருவரும் தலையாட்டினார்கள். பதவி விஷயமொன்றில் அவர்கள் ஒத்துப்போய் நான் கண்டது அந்த ஒருநாள்தான். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

பிறகு மூன்றாவது பெயர் வந்தது. அவரும் காணி பார்க்க வருகிறாராம். அக்கா எனக்கு அழைப்பு எடுத்தா.

"அங்க இதெல்லாம் ஒழுங்கா நடக்குதெண்டு சொல்லுறவை. நீ பாத்தனிதானே. என்ன செய்யோணும் எண்டு சொல்லு."

நான் பெரிய அமெரிக்கன் மாதிரிச் சொன்னேன். மாலை வேண்டாம், விளக்கு வேண்டாம், ஒருவரும் முற்றத்தில் நிற்கவேண்டாம். படம் எடுக்க ஆளில்லாமல் இருந்தால் குற்றம் பிடிக்க இடமிராது. அக்கா ஓம் ஓம் என்று கேட்டா. அவ சொன்னால் ஊர் கேட்கும்.

அந்த மனிதர் வந்து போன அடுத்த கிழமை அக்கா திரும்ப அழைப்பு எடுத்தா. நான் கூடத்தில் நின்றேன். தொலைக்காட்சியில் வாக்கெடுப்பு. ஒரு வாக்கு வித்தியாசத்தில் இங்கத்தைய ஆளுக்குப் பதவி கிடைத்துவிட்டது. வால்டர் கைதட்டினார். ரூத் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதவி கிடைத்தவர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டு போனார். கோட்டும் டையும்தான். அந்தக் கழுத்தில் ஏதோ குறைகிறது என்று என் கண் தேடியது.

"தம்பி, அந்த மனுசன் உச்சி வெயிலுக்கை வந்து நிண்டுது," என்றா அக்கா. "நீ சொன்ன மாதிரி ஒருத்தரும் வெளிய போகேல்லை. கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கேல்லை."

"பிறகு?"

"இப்ப சபையில சொல்லுகினமாம், சனம் இவரைப் புறக்கணிச்சிட்டுதாம். இவர் வேண்டாமாம். இந்தப் பேரும் திரும்பி வந்திட்டுது."

வெட்கம் வந்ததா, துக்கம் வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஊரின் வழக்கத்தை இந்த நாட்டுக் கண்ணால் பார்த்துத் திருத்தப் போனேன். இந்த நாட்டுக்காரருக்கு ஊரின் வழக்கத்தை விளங்கப்படுத்தவும் என்னால் முடியவில்லை.

"மாலையாவது கட்டாமல் விட்டியளே, அது மிச்சம்," என்றேன், எதையாவது சொல்லவேண்டுமே என்று.

"கட்டினனான்," என்றா அக்கா. "மனம் கேக்கேல்லை. கட்டி உள்ளுக்கை ஈரத்துணி போட்டு மூடி வைச்சனான். கார் போனாப் பிறகு அந்த எல்லைக்கல்லுக்குப் போட்டிட்டு, போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வந்தனான்."

"கல்லுக்கோ?"

"வேற ஆருக்கு? அதுதானே எங்களுக்கு நிரந்தரமா வந்த அதிகாரி. அதுக்கு மாலை போட்டால் ஒரு கட்சியும் கேள்வி கேளாது."

ரூத் எனக்குக் கை காட்டினார், தேநீர் ஆறிவிட்டதாம். போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் ஊற்றினேன். மற்றக் காதில் இந்த நாட்டின் அடுத்த நியமனத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருட்டியிருக்கும்; அக்கா போனோடேயே கல்லைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போயிருந்தா. கப்பி கிறீச்சிட்டு, அப்பாவின் கிணற்றுக்குள் வாளி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.