பெரிய வெள்ளியன்று நான் தும்புத்தடி தொடவில்லை

ஸ்காபரோவில் நம் செபக்கூட்டத்துக்கு வரும் பலருக்கு என்னைத் தெரியும். றெஜினா, மன்னார். ஆனால் கனடாவுக்கு வருவதற்கு முன் நான் எங்கே கிடந்தேன் என்பது தெரியாது. என்னைச் சாட்சி சொல்லக் கேட்ட அன்ரன் அண்ணை, “தங்கச்சி, ஆண்டவர் செய்த நன்மையை மட்டும் சொல்லுங்கோ. அந்த மறியல் கதையெல்லாம் இனி ஏன்?” என்றார். மன்னியுங்கள் அண்ணை. மறியலில் அடைபட்டுக் கிடந்ததைச் சொல்லாமல் அந்த நன்மையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஊரில் இருக்க முடியாத நிலை வந்தபோது, மகள் ஷாமினியை அக்காவிடம் விட்டுவிட்டு, ஸ்காபரோவில் இருக்கும் தம்பியிடம் வந்து சேர வெளிக்கிட்டேன். வழியில் அமெரிக்க எல்லையில் அடைக்கலம் கேட்டேன். பிடித்து, ஒரு தனியார் கம்பனி நடத்தும் தடுப்பு முகாமில் போட்டார்கள். நான் செய்த குற்றம் என்ன? இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அங்கே சமைப்பது, துணி தோய்ப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் எங்கள் தலையில்தான். விரும்பியவர்கள் செய்யலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். விரும்பாவிட்டால் தனி அறை! ஒரு நாள் கூலியில் மகளோடு போனில் இரண்டு வார்த்தை பேசக்கூட முடியாது. வேலை செய்ய மறுத்தால் உன் வழக்கில் எழுதுவோம், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் வெருட்டினார். அனுப்பினால் நான் உயிரோடு இருப்பேனா? ஷாமினியை யார் பார்ப்பது? ஆண்டவரே, என்னை வெளியே விடும் என்று தினமும் அழுதேன். கதவு திறக்கவில்லை.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் பூசச் சாம்பல்கூட இல்லை. இந்த வேலையையே தவக்கால ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஊரில் மீனையும் இறைச்சியையும் விடுவோம். இங்கே விடுவதற்கு என்ன இருக்கிறது? அன்று முதல் முணுமுணுக்காமல் கூட்டினேன், துடைத்தேன். மேற்பார்வையாளருக்கு வாயெல்லாம் பல். இவளைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் பவானி, கிளிநொச்சிப் பிள்ளை, சைவம். இந்த வேலைதான் என் ஒறுத்தல் என்று ஒரு நாள் சொன்னபோது அவள் கேட்டாள்: “அக்கா, நாங்களும் விரதம் பிடிக்கிறனாங்கள். அது நாங்களா விரும்பிப் பிடிக்கிறது. ஆரும் வெருட்டிப் பிடிக்க வைக்கிறேல்லை. உது ஒறுத்தலே?”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னிடமிருந்து பறித்ததை, நானே கொடுத்ததாகச் சொல்லி ஆண்டவர் முன் வைத்திருக்கிறேன்! அந்த முகாமுக்குப் போன பிறகு அன்றுதான் முதன்முதலாக எனக்குக் கோபம் வந்தது.

பெரிய வெள்ளி விடிந்தது. ஊரில் எங்கள் வீட்டில் அன்று யாரும் தும்புத்தடி தொட்டு வீடு கூட்ட மாட்டோம். கஞ்சி, சிலுவைப்பாதை, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் வழக்கம்போலத் தும்புத்தடியை நீட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இன்றைக்கு மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளைக்கு என்றார். நாளைக்கும் மாட்டேன் என்றேன்.

தனி அறையில் போட்டார்கள். செபமாலையையும் பறித்துவிட்டார்கள். விரல்களில் எண்ணிச் செபித்தேன். என் துணிவெல்லாம் கதவைப் பூட்டும்வரைதான்.  ஐயோ, மகளை இனிப் பார்க்க மாட்டேனே என்று குழறி அழுதேன். பிறகு ஆண்டவரோடு சண்டையே பிடித்தேன். “வெளியில விடாட்டிப் பரவாயில்லை அப்பா, இந்தப் பயத்தையாவது எடும். எடுக்காமல் நான் உம்மை விடமாட்டன்!”

அடுத்த நாள் காலைச் சாப்பாடு வரவில்லை. வெளியே வாளிச் சத்தம் கேட்டது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். மேற்பார்வையாளரே மொப்பும் கையுமாக நிற்கிறார்! பிழியத் தெரியாமல் தண்ணீரை நடைபாதை முழுக்க இழுத்துக்கொண்டிருந்தார். பவானி சொல்லி, மற்றப் பெண்களும் வேலைக்கு இறங்கவில்லை என்று பிறகு அறிந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது பயத்தைக் காணவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே அல்லேலூயா சொன்னேன்.

இந்தச் செய்தி வெளியே கசிந்து, உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு ஒரு பெண் வழக்கறிஞர் எங்களைத் தேடி வந்தார். வேலை செய்யாததற்கும் அடைக்கல வழக்குக்கும் சம்பந்தமே இல்லை, சும்மா வெருட்டியிருக்கிறார்கள் என்றார். என் வழக்கையும் அவரே எடுத்தார். சில வாரங்களில் விட்டார்கள். தம்பி இங்கே இருந்தபடியால் கனடா எல்லையில் என் விண்ணப்பத்தை ஏற்றார்கள். போன வருடம் விமான நிலையத்தில் ஷாமினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நன்றி ஆண்டவரே! ஆயிரம் முறை நன்றி.

இப்போதும் எனக்குக் கிளீனிங் வேலைதான். அதே தும்புத்தடி, அதே மொப். ஆனால் உழைத்த சம்பளம் கைக்கு வருகிறது, பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். பெரிய வெள்ளியன்று லீவு. பவானியும் வெளியே வந்துவிட்டாள். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மறக்காமல் போன் எடுத்துக் கேட்பாள். “என்னக்கா, இண்டைக்குத் தும்புத்தடி தொட்டனீங்களே?”

அந்தக் கம்பனிக்கு எதிரான வழக்கில் நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். “கிறிஸ்தவர்கள் நாங்கள் மன்னிக்க வேண்டாமோ தங்கச்சி?” என்று அன்ரன் அண்ணை கேட்டார்.

“மன்னிப்பன் அண்ணை. முதலில அவை கதவைத் திறக்கட்டும்.”

அன்பானவர்களே, கேளுங்கள், அவர் தருவார். சந்தேகமிருந்தால் என்னைப் பாருங்கள். இப்போதும் அந்த முகாமில் ஒரு தாய் அழுதுகொண்டே கூட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்காக என்னோடு சேர்ந்து மன்றாடுங்கள். ஆனால் பொறுத்துக்கொள்ளும் வரத்தைக் கேட்காதீர்கள். மாட்டேன் என்று சொல்லும் வரத்தைக் கேளுங்கள். எனக்குத் தந்தவர் அவளுக்கும் தருவார்.