அக்காவின் பிள்ளை அசையாத ஞாயிற்றுக்கிழமை

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம். அக்காவின் பிள்ளை என் வயிற்றுக்கு வந்ததும் அப்படித்தான்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அக்காவைக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். கர்ப்பப்பை கெட்டுப்போய்விட்டது, கரு தங்காது, ஆனால் முட்டைக்கு ஒரு குறையும் இல்லை, வேறு யாராவது சுமந்து கொடுத்தால் அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் சொந்தப் பிள்ளையே பிறக்கும் என்றார் அவர். தொண்ணூறுகளின் கடைசி அது. இப்படியும் நடக்கும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். முந்தின வாரம்தான் ஒரு விசேஷத்தில் சீர்த்தட்டைத் தொட வேண்டாம் என்று அவளை ஒருத்தி ஒதுக்கியிருந்தாள். அந்தக் கோபம் எனக்கு ஆறவேயில்லை. "என்ற வயித்துல வையுங்க" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு, "உனக்கு ஒண்ணும் ஆயிராதல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கென்ன ஆகும் என்று அதட்டினேன். அதே கேள்விதான் எனக்கும் இருந்தது.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் மாமியாருக்குத் தெரியக் கூடாது. காரமடைப் பக்கம் தோட்டமும் துரவுமாக வாழ்கிற மனுஷி. எதிரே நின்று அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாவே குரலை உயர்த்த மாட்டார். வேறொருத்தி சுமந்த பிள்ளையை அவர் கையால் தொட மாட்டார் என்று அக்கா நம்பினாள். ஆகவே அக்காதான் உண்டாகியிருக்கிறாள், டாக்டர் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் என் மகளைப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்து வயசுப் பிள்ளை வாயை எப்படிக் கட்டுவது? மாமியார் வருகிற நாட்களில் அக்கா வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் படுத்திருப்பாள். நான் பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தும்மலை அடக்கிக்கொண்டிருப்பேன். கடைக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அக்கா சொல்லவேண்டிய பொய்யெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவைதான்.

என் மகளைச் சுமந்தபோது ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன், கண்டதையும் தின்றேன். இது அக்காவின் பிள்ளை. குளிக்கும்போது வழுக்கிவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருமினால் பயம், இருமாவிட்டால் பயம். நாளுக்கு நாலு தடவை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணினேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை?" என்று கேட்பாள். குறைவாக இருந்தால் கூட்டிச் சொல்வேன்.

ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு வைத்தார்கள். பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற சீர் அது. மாமியார் ஊரையே கூப்பிட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை துணி வயிற்றுக்கு மேல் பட்டு கட்டிக்கொண்டு அக்கா காரில் காரமடைக்குப் போனாள். அம்மா, என் மகள், என் வீட்டுக்காரர் எல்லோரும் போனார்கள். எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தோம்.

தனியாக இருந்ததில் காலைச் சோறு இறங்கவில்லை. பத்து மணிக்குப் படுத்து எண்ணினேன். ஒன்றுமில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். வயிற்றைத் தட்டி, "கண்ணு, ஒரே ஒருக்கா அசைஞ்சு குடு" என்று கெஞ்சினேன். கல்லு மாதிரி இருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் மிஷினை வைத்துப் பார்த்தார். "துடிப்பு இருக்கு. ஆனா அப்பப்ப இறங்குது. இப்பவே எடுத்துடறது நல்லது. பெத்தவங்களைக் கூப்பிடு" என்றார். பிள்ளை விஷயத்தில் முடிவு அக்கா மாமாவுடையது என்று ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அங்கேயே போன் போட்டேன். மாமியார்தான் எடுத்தார்.

"நான் சின்னவளுங்க அத்தை. அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"மணையில உக்கார வெச்சாச்சு கண்ணு. பாதியில எந்திரிக்கப்படாது. உனக்குக் காமாலை தேவலையா?"

"மாமாவையாச்சும் கூப்பிடுங்க."

"பந்தியில நிக்கறான். என்னன்னு எங்கிட்டச் சொல்லு."

எத்தனையோ மாதம் பொய்யிலேயே பழகின வாய்க்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. "அத்தை, உங்க மகனோட பிள்ளை என்ற வயித்துல இருக்குதுங்க. காலையிலிருந்து அசையலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அது கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்று உறைத்தது. அந்தப் பக்கம் பந்தியில் யாரோ ரசம் கேட்பது மட்டும் கேட்டது. நான் அழ ஆரம்பித்தேன். டாக்டரம்மா ரிசீவரைப் பிடுங்கி, பிள்ளை யாருடையது, ஏன் என் வயிற்றில் இருக்கிறது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். சற்று நேரத்தில் மாமா வந்து, செய்யுங்க என்றார்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அழுகைச் சத்தம் வருகிறவரைக்கும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பெண் பிள்ளை. ஒரு குறையும் இல்லை.

அவர்கள் காரில் வந்து சேர்ந்தபோது என்னை அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அக்காதான் முதலில் உள்ளே ஓடி வந்தாள். நெற்றியில் சந்தனம், கை நிறைய வளையல், வயிற்றில் இன்னமும் அந்தத் துணி. "ஏன்டி சொன்னே?" என்றாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். அதை இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எட்டு வருஷப் பயம் அப்படிப் பேச வைத்தது என்று புரியாமல் இல்லை. புரிந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது.

பின்னாலேயே மாமியார் வந்தார். என்ன ஏச்சு விழுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நர்ஸ் கையிலிருந்த பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "அந்தத் துணியை அவுத்துப்போட்டு வா அம்மணி. உனக்கு வேர்க்குது பாரு" என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று மாமியார் சர்க்கரைத் தண்ணீர் கேட்டார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"அக்கா வைக்கட்டுங்க அத்தை" என்றேன்.

"அவ எனக்குப் பயந்தவ. நான் ஊருக்குப் பயந்தவ. இதாச்சும் பயமில்லாம வளரட்டும். நீ வை கண்ணு."

அத்தனை மாதத்தில் என்னைவிடப் பயந்தவள் ஒருத்தியும் இல்லை. கையை நீட்டினேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டார்கள். சுண்டுவிரலில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தேன். பிள்ளை விரலை விடாமல் சப்பியது. எடுத்ததும் வீறிட்டு அழுதது. அந்த அழுகையோடுதான் அதை அக்கா மடியில் வைத்தார்கள். எடுத்துக்கோ என்று அக்காவிடம் சொல்ல வேண்டியவள், அதைச் சொல்லாமல் பிள்ளை சப்பின விரலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.